வாயில்லா உயிர்களுக்கு வழக்காடிய அம்மையார்: ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி அருண்டேல் என்ற பெயரைக் கேட்டவுடன் பரதநாட்டியமும் கலாக்ஷேத்ராவும் பலர் நினைவிற்கு வரும். ஆடற்கலைக்கு அவர் ஆற்றிய தொண்டை நாடறியும். அவர் ஆற்றிய மற்றொரு தொண்டு அத்துணைப் பரவலாகப் பேசப்படுவதில்லை. இந்நாட்டில் வண்டிமாட்டை வதைப்பவனும் ஒரு சட்டத்திற்குப் பதில் சொல்லியாக வேண்டும்; ஆய்வுக்கூடத்தில் எலியையோ மீனையோ கையிலெடுக்கும் அறிவியலாரும் அதே சட்டத்திற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அச்சட்டம் தோன்றுவதற்கு வித்திட்டவர் இவ்வம்மையாரே. அருக சமயத்தில் பிறவாத ஒருவர், அருகன் உரைத்த அறத்தின் சாயல் ஒன்றை நாட்டின் சட்ட நூலில் ஏற்றிய வரலாறு கொல்லாமையைக் குலதனமாகப் போற்றும் குடும்பங்கள் அறிந்து மகிழத்தக்கது.

பிறப்பும் வளர்ப்பும்

ருக்மிணி தேவி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரை மாநகரில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணியாற்றியவர். வடமொழிப் புலமை வாய்ந்தவர். தாயார் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு மிக்கவர். அன்னி பெசன்ட் அம்மையாரின் பிரம்மஞான சபைக் கொள்கைகளில் தந்தையாருக்கு ஈர்ப்பு உண்டாயிற்று. பணி ஓய்வுக்குப் பின் அவர் அடையாற்றில் அச்சபையின் தலைமையகத்திற்கு அருகே குடியேறினார். எல்லாச் சமயங்களையும் ஒப்ப மதித்தலும், புலால் மறுத்தலும், எவ்வுயிரும் ஓர் உயிரின் விரிவே என்னும் எண்ணமும் நிலவிய அச்சூழலில் ருக்மிணி வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் செய்த அனைத்திற்கும் வேர் அம்மண்ணில் ஊன்றியதே.

அங்குதான் ஆங்கிலேயக் கல்வியாளரான ஜார்ஜ் சிட்னி அருண்டேலை அவர் அறிந்தார். காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் முதல்வராக இருந்த அருண்டேல், பெசன்ட் அம்மையாரின் நம்பிக்கைக்கு உரியவர். 1920-இல் இருவருக்கும் திருமணம் நடந்தபோது ருக்மிணிக்கு வயது பதினாறு. சென்னை நகரமே கொதித்தெழுந்தது. உறவினரும் செய்தித்தாள்களும் கடுமையாகக் கண்டித்தனர். அக்கண்டனங்களைப் பொறுத்துக்கொண்ட உறுதியே பின்னாளில் அவருக்கு இருமுறை கைகொடுத்தது. ஒருமுறை ஆடலரங்கில், மற்றொருமுறை நாடாளுமன்றத்தில்.

ஆடற்கலைக்குப் புத்துயிர்

கணவரோடு உலக நாடுகள் பலவற்றிற்கும் சென்ற ருக்மிணி தேவி, உருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்றார். பாவ்லோவாவே தாய்நாட்டுக் கலையின் பக்கம் அவர் நெஞ்சைத் திருப்பியவர். அந்நாளில் சதிர் என வழங்கிய ஆடல் பழிக்கு ஆளாகி மறையும் நிலையில் இருந்தது. உயர்குடிப் பெண்கள் அதனைக் கற்பது எண்ணிப் பார்க்க இயலாத செயல். ருக்மிணி தேவியோ மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அக்கலையைப் பயின்று 1935-இல் அடையாற்றில் அரங்கேறினார். 1936-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் தொடங்கிய கலைக்கழகமே பின்னர்க் கலாக்ஷேத்ரா ஆயிற்று.

தமிழ்ச் சமணர் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றித் தமிழுலகிற்கு மீட்டுத் தந்த உ. வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் ஊரூராக அலைந்து திரட்டிய ஏட்டுச் சுவடிகளும் நூல்களும் சிதறாமல் காக்கப்பட வேண்டுமென்று, அவர் பெயரால் 1943-இல் நூல்நிலையம் ஒன்றை நிறுவியவர் ருக்மிணி தேவி. திருத்தக்க தேவரின் காப்பியத்திற்கு உயிரளித்தவரின் சுவடிகள் அழியாமல் நின்றதில் இவ்வம்மையாருக்கும் பங்குண்டு.

1945-இல் கணவர் காலமானார். அதன் பின்னரும் அவர் பணி தளரவில்லை.

திருத்தணியில் பிறந்தவர் தலைமை தாங்கிய அவை

1952-ஆம் ஆண்டு மாநிலங்களவை முதன்முறையாகக் கூடியபோது, கலை, இலக்கியம், அறிவியல், சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்தோர் பன்னிருவரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். அவ்வாறு நியமனம் பெற்ற முதற்பெண்மணி ருக்மிணி தேவி ஆவார்.

அவ்வவையின் தலைவராக வீற்றிருந்தவர் திருத்தணியில் பிறந்தவர். ஆந்திர எல்லையை ஒட்டி, ஆண்டின் நாள்களைப் போல 365 படிகள் கொண்ட மலைக்கோயிலால் புகழ்பெற்ற அவ்வூரில், 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் பயின்று உயர்ந்தவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன். 1952 மே திங்களில் அவர் குடியரசுத் துணைத்தலைவர் ஆனார்; அப்பதவியின் வழியே மாநிலங்களவையின் தலைவரும் ஆனார். இந்தியச் சமயங்களின் மெய்ப்பொருளை உலகிற்கு எடுத்துரைத்த அவர் நூல்களில் சமண தத்துவமும் தனி இடம் பெற்றிருந்தது. 1962 வரை பத்தாண்டுகள் அவர் தலைமையில் நடந்த அவையில், அதே பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்தார் ருக்மிணி தேவி.

நியமன உறுப்பினர்க்குக் கட்சியும் இல்லை, தொகுதியும் இல்லை. கலைத்துறையின் பெயரால் அவைக்கு வந்தவர் கலைக்காக மட்டும் பேசியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். வாக்குரிமையும் வாயும் இல்லாத உயிர்களைத் தம் தொகுதியாகக் கொண்டார் அம்மையார்.

மசோதா பிறந்ததும் திரும்பப் பெற்றதும்

அந்நாளில் நடப்பில் இருந்தது ஆங்கிலேயர் 1890-இல் இயற்றிய சட்டம். அச்சட்டத்தில் விலங்கு என்ற சொல்லுக்கு வீட்டில் வளர்க்கப்படுவதும் பிடித்து அடைக்கப்பட்டதும் என்பதே பொருள். ஆய்வுக்கூடங்களில் உயிர்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதைக் கண்காணிக்க எவ்வமைப்பும் இல்லை. குரங்குகள் கூடைகூடையாக அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்றுமதியாகி வந்தன. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்திற்காக அவற்றின் தேவை பெருகிக்கொண்டே போயிற்று. 1955-இல் இந்தியாவிலிருந்து சென்ற நூற்றுக்கணக்கான குரங்குகள் இலண்டன் விமான நிலையத்தில் மூச்சுத்திணறி மாண்டன; அதன்பின் அரசு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது.

விலங்கு வதைத் தடுப்பிற்கென ருக்மிணி தேவி தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1954 மார்ச்சுத் திங்களில் அது மாநிலங்களவையில் விவாதத்திற்கு வந்தது. உழவுமாடு முதல் ஆய்வுக்கூட விலங்கு வரை மனிதன் கையில் உயிர்கள் படும் துன்பங்களை அவர் எடுத்துரைத்தார். பிரதமர் நேரு அம்மையாரின் நோக்கத்தைப் பாராட்டினார். எனினும் இத்தகைய பரந்த பொருளை அரசே ஆராய்ந்து முழுமையான சட்டமாகக் கொண்டுவருதல் தக்கது என்பது அவர் நிலை. ஆகவே மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார்.

அம்மையார் வாழ்வில் அது கடினமான தருணம். புலால் மறுத்தவர், அனைத்துலக மரக்கறியாளர் ஒன்றியத்தின் துணைத்தலைவராகப் பல்லாண்டு விளங்கியவர், உயிரோடு அறுத்துச் செய்யும் ஆய்வில் மனம் ஒப்பாதவர். அரசு இயற்றும் சட்டம் தம் உள்ளம் விழைந்த அளவிற்குச் செல்லாது என்பதை அவர் உணராதிருக்க முடியாது. மசோதாவை வலியுறுத்தினால் அது தோற்கும். விட்டுக்கொடுத்தால் ஒரு பகுதியேனும் நிறைவேறும். அவர் விட்டுக்கொடுத்தார். அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. ஆறாண்டுகளுக்கும் மேலாக அம்மையார் அம்முயற்சியைக் கைவிடாமல் தொடர்ந்தார். 1960 டிசம்பர் 26-ஆம் நாள் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, எல்லை மாற்றத்தால் சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் அதே 1960-ஆம் ஆண்டில்தான்.

இல்லறத்தார் விரதம் போன்றதொரு சட்டம்

அருக சமயம் அறத்தை இரு நிலைகளில் வகுக்கிறது. முனிவர் ஏற்பது மாவிரதம். அங்கே கொல்லாமைக்கு விலக்கே இல்லை. இல்லறத்தார் ஏற்பது அணுவிரதம். உலகியலில் தவிர்க்க இயலாதவற்றை அறிந்து, தவிர்க்கக் கூடியவற்றை உறுதியாகத் தவிர்ப்பது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அணுவிரதத்தை ஒத்தது. மருத்துவத்திற்கும் அறிவு வளர்ச்சிக்கும் செய்யப்படும் ஆய்வுகளை அது தடைசெய்யவில்லை. ஆனால் அவற்றைக் கண்காணிக்க ஒரு குழுவை நிறுவ வழிசெய்து, அக்குழுவின் கடமைகளையும் வரையறுத்தது.

ஆய்வு பரிவோடு நடைபெற வேண்டும். கூடியவரை உயிர்களை மயக்க நிலையில் வைத்தே செய்ய வேண்டும். நூல், மாதிரி வடிவம், திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்க இயலுமிடத்தில் உயிரைப் பயன்படுத்தலாகாது. கைத்திறன் பழகுவதற்காக மட்டும் உயிரை அறுத்தல் கூடாது. ஆய்விற்கு முன்னும் பின்னும் அவ்வுயிர்களைப் பேண வேண்டும். செய்தவற்றிற்கு முறையான பதிவேடு இருக்க வேண்டும். இவையெல்லாம் அச்சட்டம் வகுத்த நெறிகள். மீறுவோர்க்கு விதித்த தண்டமோ 200 ரூபாயைத் தாண்டவில்லை. அச்சத்தைக் காட்டிலும் மனச்சான்றையே நம்பிய சட்டம் எனலாம்.

இவை எல்லாவற்றினும் பெரிய பேறு அச்சட்டத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. விலங்கு என்றால் மனிதன் அல்லாத எந்த உயிரினமும் என்று அது பொருள் வரையறுத்தது. வீட்டு விலங்கு, பிடிபட்ட விலங்கு என்ற பழைய வேலி அகன்றது. யானையும் எறும்பும் குளத்து மீனும் அதன் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சும் அச்சொல்லுக்குள் அடங்கின.

விலங்கு நல வாரியம்

சட்டத்தின்படி 1962-இல் இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி. வாரியத்தின் தலைமையகம் சென்னையில் அமைந்து பல்லாண்டுகள் அங்கேயே இயங்கியது. ஆய்வுகளை மேற்பார்வையிடும் குழு 1964-இல் அமைக்கப்பட்டது. 1968-இல் அதற்குரிய விதிகள் வந்தன. திருவான்மியூரில் காலையில் மாணவியர்க்கு அடவு கற்பிப்பதும், பின்னர் அமர்ந்து வாரியக் கோப்புகளைப் பார்ப்பதும் அவருக்கு ஒரே தொண்டின் இரு கூறுகள். வெறிநாய், வண்டிமாடு, இறைச்சிக் கூடம், சோதனைச்சாலை எனப் பலர் முகஞ்சுளித்து ஒதுங்கும் பொருள்களைப் பற்றி அவர் அயராது எழுதினார், பேசினார்.

1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த விரும்பினார். அம்மையார் அதனை ஏற்கவில்லை. நாட்டின் முதற்பதவி தேடி வந்தபோது மறுத்தவர், வாரியத் தலைமையை மட்டும் இறுதி வரை விடவில்லை. மொரார்ஜியின் ஆட்சிக் காலத்திலேயே, 1978-இல், செம்முகக் குரங்குகளின் ஏற்றுமதி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளை அணுகிய வேளையில், ருக்மிணி தேவி சென்னையில் இயற்கை எய்தினார்.

மீன்குஞ்சு வரை நீண்ட சட்டம்

பெரிய விலங்கைத் தவிர்த்துச் சிறிய விலங்கைக் கொண்டே அதே பயனைப் பெற முடியுமாயின் அவ்வாறே செய்க என்பதும் சட்டத்தின் நெறிகளுள் ஒன்று. குரங்கையும் நாயையும் காக்கும் நோக்கில் எழுந்த நெறி அது. அறிவியல் அவ்வழியே இறங்கி இன்று மீனிடம் வந்து நிற்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா ஆற்றுப் படுகைகளில் வாழும், விரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீன் இப்போது உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. ஓரிணை ஒரே முறையில் இருநூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை ஈனும். மூன்று நாளுக்குள் குஞ்சு வெளிவரும். கண்ணாடி போன்ற அதன் உடலுக்குள் நெஞ்சு துடிப்பதை நுண்ணோக்கியில் நேரே காணலாம். புது மருந்து நஞ்சா நலமா என்பதைத் தட்டில் நீந்தும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் சோதிக்கின்றனர். எலிகளின் எண்ணிக்கை குறைந்தது. குஞ்சுகளின் எண்ணிக்கை பெருகியது.

இங்கே எழும் வினா நுட்பமானது. எந்நாள் முதல் அக்குஞ்சை உயிர் எனக் கணக்கிட்டுக் காப்பது? ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் வகுத்த நெறியில், தானே இரைதேடி உண்ணத் தொடங்கிய மீன்குஞ்சுகள் பாதுகாப்பிற்கு உரியவை. வரிக்குதிரை மீனுக்கு அது கருவுற்ற ஐந்தாம் நாளை ஒட்டியது எனக் கொள்கின்றனர். அதுவரை வயிற்றிலுள்ள கருவுணவே அதற்கு உணவு. அதற்கு முற்பட்ட குஞ்சு கணக்கில் சேராது. வலியை உணரும் நரம்பு அமைப்பு எந்த அளவில் முதிர்ந்திருக்கிறது என்பதைக் கருதி இட்ட எல்லை அது. மீன் வலியை உணருமா என்பதே நெடுங்காலம் ஐயத்திற்கு இடமாக இருந்தது. 2003-இல் பிரித்தானிய ஆய்வாளர் லின் சினெடன், ஒருவகை நன்னீர் மீனின் முகத்தில் வலியுணர் நரம்புகள் இருப்பதைக் காட்டிய பின்னரே அவ்வையம் தளரத் தொடங்கியது.

சமண நெறியில் மீனைப் பற்றி இவ்வையம் எழுந்ததில்லை. மீன் ஐயறிவுயிர். யசோதர காவியத்தில் மாக்கோழியைப் பலியிட்ட மன்னன் அடைந்த பிறவிகளுள் மீன் பிறவியும் ஒன்று. அப்பிறவியில் அவன் பட்ட துன்பத்தைக் காவியம் விரித்துரைக்கிறது. உடல் சிறிதாயின் உயிரும் சிறிது என்று ஆகமம் கூறுவதில்லை. உயிர் தான் புக்க உடலின் அளவிற்கு விரிந்தும் சுருங்கியும் நிற்கும் என்பதே அதன் கொள்கை. நீரை வடிகட்டிப் பருகியதோடு அமையாமல், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலைக்கே திரும்பச் சேர்த்த முன்னோர், கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் வீடுபேற்றின் உரிமை உண்டெனக் கருதியவர்கள்.

இந்தியச் சட்டத்தில் அம்மையார் காலத்தில் ஏறிய அந்த விரிந்த சொல்லுக்கு ஐந்தாம் நாள் என்ற எல்லை கிடையாது. அச்சொல்லின் நிழலில் விதிகள் படிப்படியாக வளர்ந்தன. 1998-இல் வந்த புதிய விதிகள், உயிர்களைக் கொண்டு ஆய்வு செய்யும் நிறுவனங்கள் பதிவு பெறவும், நிறுவனந்தோறும் அறநெறிக் குழு அமைக்கவும் வகைசெய்தன. எத்தனை உயிர்கள் தேவை, ஏன் தேவை, வேறு வழி இல்லையா என்று அக்குழு கேட்கும். அண்மை ஆண்டுகளில் மீன்களைக் கொண்டு செய்யும் ஆய்வுகளுக்கென்றே மேற்பார்வைக் குழு தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தொட்டி நீரின் வெப்பமும் தூய்மையும், நெரிசலின்மை, நீரில் கரைத்துத் தரும் மயக்க மருந்து, துன்பமின்றி முடிக்கும் முறை எனப் பேண வேண்டியவை பல. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர் வகுத்த மூன்று நெறிகளே இன்று உலகெங்கும் அடிப்படை. உயிருக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பம் தணியுமாறு முறையைச் செம்மைப்படுத்தல் என்பன அவை.

கல்விக்கூடங்களிலும் மாற்றம் வந்தது. தவளையை அறுக்க மனமின்றி விலங்கியல் பாடத்தையே விட்டு விலகிய சமணப் பிள்ளைகள் முன்பு உண்டு. மாதிரி வடிவத்தால் கற்பிக்க இயலுமாயின் உயிரைத் தொடாதே என்று 1960-இல் எழுதப்பட்ட நெறி, 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு பட்டப்படிப்புகளில் அறுவைப் பயிற்சியை விலக்கியபோது பெரிதும் நிறைவேறியது. அதே ஆண்டில் அழகுப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது.

நிறைவு

முழுமையும் கிடைக்காதெனில் ஒன்றும் வேண்டாம் என்று ருக்மிணி தேவி இருந்திருந்தால், அவர் மனத்தூய்மை குறைந்திராது. உயிர்களின் துன்பமும் குறைந்திராது. விரும்பியதில் ஒரு பகுதியைப் பெற்று, அப்பகுதியின் வாயில் எவ்வுயிர்க்கும் திறந்திருக்குமாறு பார்த்துக்கொண்டது அவர் அறிவின் திண்மை. திறந்த வாயிலின் வழியே நுழைந்து பணியாற்றுவது பின்வந்தோர் கடமை.

இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மருந்தியலும் உயிர்த்தொழில்நுட்பமும் பயில்கின்றனர். ஆய்வுக்கூடத்திற்குள் நுழையும் பிள்ளை, ஒரு தட்டில் நீந்தும் குஞ்சுகளின் எண்ணிக்கையைத் தானே முன்வந்து குறைக்கலாம். கணினி வழியோ உயிரணு வளர்ப்பு வழியோ மாற்று உண்டா என்று வழிகாட்டும் பேராசிரியரைக் கேட்கலாம். ஐந்தாம் நாளுக்கு முற்பட்ட குஞ்சாயினும் மயக்கமின்றித் துன்புறுத்த மாட்டேன் என விரதம் ஏற்கலாம். அறநெறிக் குழுவில் இடம்பெறும் வாய்ப்பு வரும்போது பெரியவர்கள் அதனைத் தொண்டாகக் கருதி ஏற்கலாம். வாதாட வாயில்லாத உயிருக்காக ஒருவர் அவையில் எழுந்து நின்றால், அவர் சொல் அவர் காலத்திற்குப் பின்னும் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு ருக்மிணி தேவியின் வாழ்வு சான்று. அவர் புகழ் வாழ்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!